உள்ளும் சிவந்த திராட்சை

அந்த அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. ரேஷன் கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே கூசிப்போய், பின்னால் நிற்பவரை முன்னே விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவர். அச்சில் பார்த்தால் தாங்கமாட்டார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எனக்குத் தொழில் கலர் விற்பது. திண்டுக்கல்லில் ஒரு மொத்தக் கடைக்காக பேக்கரி பேக்கரியாக ஏறி இறங்கி, கேக்குக்கும் பன்னுக்கும் போடுகிற எசென்ஸ், ஈஸ்ட், கலர்ப் பொடி எல்லாவற்றுக்கும் ஆர்டர் எடுக்கிற வேலை. மாதாமாதம் கொடைக்கானல் லைன் உண்டு. சீசனில் மேலே ரூம் வாடகையைக் கேட்டால் ஏறி வந்த மூச்சு அப்படியே நின்றுவிடும். அதனால் பெருமாள்மலையிலேயே இறங்கி, பழனி ரோடு பிரிகிற முக்குக்குக் கீழே சரிவில் இருந்த அக்கா வீட்டில் தங்குவேன். முன்பக்கம் ஓர் அறையையும் அதை ஒட்டிய குளியலறையையும் என்னைப்போல் வந்து போகிறவர்களுக்கு விட்டிருந்தார்கள். அண்ணன், அதாவது அக்காவின் கணவர், கவுஞ்சியிலிருந்து மதுரைக்குக் கேரட் லோடு ஏற்றுகிற லாரி டிரைவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார்.

அக்காவுக்கு எதற்கெடுத்தாலும் வெட்கம். சினிமாவில் பெண்கள் கால் கட்டைவிரலால் தரையில் கோலம் போடுவார்களே, அந்த வெட்கம் இல்லை. உலகத்தில் உள்ள குறைகளுக்கெல்லாம் தான்தான் பொறுப்பு என்பதுபோல் ஒரு கூச்சம். மழை பெய்தால் என்னிடம் மன்னிப்புக் கேட்பார். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி, இன்னைக்குன்னு பாத்து ஊத்துது." கரண்டு போனால் மன்னிப்பு. மஞ்சு இறங்கி எதிர் வீடு தெரியாமல் போனால் அதற்கும் மன்னிப்பு. ஒருமுறை வத்தலக்குண்டு தாண்டி பஸ் பஞ்சராகி நான் தாமதமாக வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்ததும், "மன்னிச்சுக்கங்க தம்பி, பஸ்ஸு இப்பிடிப் பண்ணிருச்சே" என்றார். அந்த பஸ்ஸை ஓட்டியது இவர் மைத்துனரா என்றால் அதுவும் இல்லை.

காய்கறி விற்கிறவர்களுக்கு இப்படி ஒருவர் கிடைத்தால் போதாதா? அடிபட்ட பேரிக்காய், அமுங்கிய பிளம்ஸ், முளைவிட்ட உருளைக்கிழங்கு எல்லாம் அக்காவின் பைக்குள்தான் விழும். 'இது வேண்டாம்' என்று சொல்ல நாக்கு எழாது. அண்ணன் லோடு முடிந்து வந்து பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். ஆதார் அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது, கேமராவைப் பாருங்கம்மா, பாருங்கம்மா என்று அந்தப் பையன் தொண்டை வறளக் கத்தியிருக்கிறான். கடைசியில் கிடைத்த படத்தில் வகிடு மட்டும் வெகு தெளிவாக இருக்கிறது.

இதையெல்லாம் நான் திண்டுக்கல்லில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த வெட்கத்துக்குள் இவ்வளவு வேதனை இருக்கும் என்று அப்போது தெரியாது.

நான் தங்க ஆரம்பித்த முதல் கிறிஸ்துமஸுக்கு, கல்கல், முறுக்கு, கேக் வைத்த தட்டோடு ஒரு டம்ளர் ஒயினும் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். அங்கே கிறிஸ்தவ வீடுகளில் அது வழக்கம். கம்பத்திலிருந்து பன்னீர் திராட்சை வாங்கி வந்து, பீங்கான் ஜாடியில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் ஒரு கை கோதுமையும் பட்டை கிராம்பும் போட்டு ஊறவைத்து, தினமும் கிளறி, துணியில் வடித்து வைத்துவிடுவார்கள். விற்பனைக்கு அல்ல, பண்டிகைக்கு. பன்னீர் திராட்சை தோல்தான் கறுப்பு. பிழிந்தால் வருவது வெளுத்த சாறு. அதனால் ஒயினும் வெளிர் நிறமாகத்தான் இருக்கும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று சர்க்கரையைக் கருக்கி ஊற்றிக் கொஞ்சம் நிறம் ஏற்றுவார்கள். ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒயின் என்றால் அந்த டீத்தண்ணி நிறம்தான்.

அக்கா வைத்த டம்ளரில் இருந்தது வேறு. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெளிச்சம் மறுபக்கம் வரவே இல்லை. அவ்வளவு சிவப்பு. கொஞ்சம் துவர்ப்பும், நாவல்பழம் தின்றது போன்ற ஒரு ருசியும் நாக்கிலேயே கிடந்தன. நான் கலர்க்காரன் இல்லையா, புத்தி வேறு எங்கே போகும்? "என்ன கம்பெனி கலர்க்கா போடுறீங்க? நம்மகிட்ட சொல்லியிருந்தா நல்லதாக் கொண்டாந்திருப்பேனே" என்றேன். தமாஷாகத்தான் கேட்டேன். விருட்டென்று உள்ளே போன அக்கா, மறுநாள் நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

ஜூலை மாதம் இன்னொரு விஷயம் கவனித்தேன். அக்கா கையைக் காட்டமாட்டார். காப்பி டம்ளரை வைத்துவிட்டுக் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வார். ஏதோ தோல் வியாதி போலும், கேட்டால் சங்கடப்படுவார் என்று நானும் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் முன்பக்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அக்கா வெள்ளனே மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர்கள் உபயோகிக்கிற கக்கூஸ் பின்னால் சரிவில் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பக்கம் போகவேண்டாம், வழுக்கும் என்று அவர் எப்போதும் சொல்வார். அன்றைக்கு வேறு வழியில்லாமல் இறங்கிப் போனேன்.

கக்கூஸின் தகரக் கூரை கண்ணுக்கே தெரியவில்லை. அதை முழுசாக மூடி ஒரு திராட்சைக் கொடி கிடந்தது. தண்டு என் முழங்கை தடிமன். அது பின்னால் இருந்த குழியின் மூடிக்கல் ஓரத்திலிருந்துதான் கிளம்பி வந்தது. இலைக்குக் கீழே கொத்துக் கொத்தாகச் சின்னச் சின்னக் கறுப்புப் பழங்கள், சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிசு. வந்த வேலையை மறந்து ஒன்றைப் பறித்து வாயில் போட்டுக் கடித்தேன். சாறு உதட்டோரம் வழிந்து சட்டையில் சொட்டியது. பார்த்தால், ரத்தம்!

இன்னொரு பழத்தைப் பிய்த்துப் பார்த்தேன். தோல் மட்டுமில்லை, சதையும் சிவப்பு. தோலை உரித்து எறிந்துவிட்டு வெறும் சதையைக் கைக்குட்டையில் வைத்து நசுக்கினேன். கைக்குட்டை நனைந்து சிவந்தது. எத்தனை விதச் சிவப்புப் புட்டிகளைத் தூக்கிச் சுமந்திருக்கிறேன், ஒரு பழத்துக்குள் இப்படி ஒரு சிவப்பு இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அப்படியே வாயெல்லாம் சிவக்க நின்றுகொண்டிருந்தபோதுதான் அக்கா மேலே வந்து நின்றார். கையில் இருந்த பை விழுந்து உருளைக்கிழங்கு சரிவில் உருண்டு ஓடியது.

"அய்யோ தம்பி, அதைப் போயித் தின்னுட்டீங்களே!"

"நல்லாத்தானேக்கா இருக்கு?"

"எங்க கெடக்குன்னு பாத்தீங்கள்ல?" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் அவர் கைகளைப் பார்த்தேன். நகக்கண், ரேகை எல்லாம் கருஞ்சிவப்பு. ஒயினுக்குப் பிழிந்த கறை. எத்தனை புளி போட்டுத் தேய்த்தாலும் ஆடி மாதம் முழுக்கப் போகாதாம்.

அண்ணன் செய்த வேலை அது. மேலே வெள்ளைக்காரர்கள் காலத்துப் பங்களா ஒன்றை இடித்தபோது கல் ஏற்றப் போனவர், அங்கே வெட்டிப் போட்டிருந்த கொடியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து வந்திருக்கிறார். கையில் குச்சியோடு நேரே கக்கூஸுக்குப் போனவர், போன இடத்திலேயே ஈர மண்ணில் குத்திவிட்டு மறந்துவிட்டார். குச்சிக்குத்தான் அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காதே!

"வேற பழம் வாங்கி ஒயின் போடலாமேக்கா?"

"ஒரு வருசம் கம்பம் பழத்துல போட்டேன் தம்பி. இவுக ஒரு மடக்குக் குடிச்சிட்டு, இது யார் வீட்டு ஒயின்னு கேட்டுட்டாக." சொல்லும்போது அழுகைக்கு நடுவில் அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது. தன்னுடையது ஊரிலேயே நல்ல ஒயின் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒன்றில் மட்டும் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

"எல்லாரும் நான் சாயம் கலக்குறேன்னு பேசுறாக. பேசிட்டுப் போகட்டும். ஆனா கக்கூசுல காச்ச பழம்னு தெரிஞ்சா, இத்தனை வருசமாக் குடிச்சவுக மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்? கோயிலுக்கு எப்பிடிப் போவேன்? நீங்க சொல்லிராதீங்க தம்பி."

சொல்லமாட்டேன் என்றேன். சட்டைக் கறையைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க, சட்டையைக் கெடுத்திருச்சு" என்றார்.

சாயம் என்று முதலில் சொன்னது மேல்வீட்டு டீச்சர். ஓய்வு பெற்றவர், கோயிலில் மாதா சபைத் தலைவி. கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் போய் நிற்கிறவர் அவர்தான். வருஷா வருஷம் கூடை கூடையாகத் திராட்சை பிழிந்த அனுபவத்தில் அவருக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும்: கறுப்புத் திராட்சைக்கு உள்ளே வெளுப்பு. அப்படி இருக்க, ஒரு வீட்டு ஒயின் மட்டும் மை மாதிரி சிவப்பாக வந்தால் அதில் ஏதோ ஊற்றியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இதற்கு மேல் அந்த வீட்டில் மாதாமாதம் வந்து தங்குகிற ஆள் யார்? கலர்க் கம்பெனிக்காரன். ஒருநாள் என் சாம்பிள் பெட்டியில் செர்ரி ரெட் புட்டி உடைந்துபோய், அதை அக்கா வீட்டு வாசலில் பேப்பர் விரித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் அந்த வழியாகப் போனார். அவருக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாப் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் அந்தக் கலர்க்காரருங்களா?"

"ஆமாங்க டீச்சர்."

"அந்த வீட்டுக்கு மாசம் எவ்வளவு கலர் குடுக்குறீங்க?"

"ஒண்ணும் குடுக்கலைங்க. தங்குறதோட சரி."

"அப்பிடித்தான் சொல்லுவீங்க" என்றார் டீச்சர், ரொம்பப் பொறுமையாக. பொய் சொல்லும் பையன்களை முப்பது வருஷம் பார்த்தவருடைய பொறுமை அது. டீக்கடைக்காரர் எனக்கு வைத்த டீயைத் தள்ளியே வைத்தார். என் தொழிலை நினைத்து நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

இனி அந்த வருஷக் கிறிஸ்துமஸைச் சொல்லவேண்டும்.

அந்தச் சின்னக் கோயிலில் ஒரு பழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டு ஒயினிலும் கொஞ்சம் கொண்டுவந்து, வாசலில் வைத்திருக்கும் ஒரே அண்டாவில் ஊற்றுவார்கள். எல்லா வீட்டு ஒயினும் கலந்த பிறகு ஆளுக்கு ஒரு மடக்கு. யார் வீட்டுடையது நன்றாக இருக்கிறது, யார் வீட்டுடையது புளிக்கிறது என்ற பேச்சே வராது. பணக்கார வீடு, ஏழை வீடு என்ற பேச்சும் வராது. பிள்ளைகளுக்கும் நாக்கை நனைக்கக் கொஞ்சம் கொடுப்பார்கள். ஊற்றாத வீடு என்று ஒன்று இருக்கக்கூடாது. நான் அன்றைக்குக் கோயில் விருந்துக்காக ஒரு பேக்கரியின் கேக் பெட்டிகளை இறக்க உதவிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அக்கா பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு வரிசையில் கடைசியாக வந்தார். டீச்சர் அண்டாவின் மேல் தட்டைப் போட்டு மூடினார்.

"உன்னது வேண்டாம்மா. போன வருசமே ரெண்டு பிள்ளைகளுக்கு வயித்துக்கு ஆகல. சின்னப் பிள்ளைங்க குடிக்கிறது பாரு."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.  அக்கா என்ன செய்தார் தெரியுமா? "சரிங்க டீச்சர், மன்னிச்சுக்கங்க" என்றார். தன்னை அவமானப்படுத்தியவரிடம் மன்னிப்பு!

என்னால் பொறுக்க முடியவில்லை. "அது சாயம் இல்லைங்க, நான் சத்தியம் பண்றேன்" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "கலர்க்காரரே சத்தியம் பண்றாருப்பா" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. கொடியைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவர் பாட்டிலோடு சரிவில் இறங்கிப் போனார். நான் வாயைத் திறந்ததால் அவருக்கு அவமானம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம்.

மறுநாள் காலையில் காப்பி கொண்டுவந்தவர் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் நிற்காமல் உள்ளே வந்து நின்றார்.

"அடுத்த கிறிஸ்துமசுக்கு என் பாட்டிலை அந்த அண்டாவுல ஊத்தணும் தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதுக்குக் கொடியைக் காட்டணுமேக்கா?"

"காட்டுறேன். கக்கூசை இடிச்சுட்டுக் காட்டுறேன்."

அப்படியே செய்தார்கள். வீட்டுக்காரர்களுக்கும் இனி முன்பக்கக் குளியலறைதான் என்று ஆயிற்று. அண்ணன் பழைய கக்கூஸை இடித்து, பின்சுவரை மட்டும் கொடிக்குத் துணையாக விட்டுவைத்தார். குழியை மண் போட்டு மூடினார். அதோடு விட்டிருக்கலாம். அக்காவுக்கு அது போதவில்லை. மோந்து பார்த்தால்கூட யாருக்கும் தெரியக்கூடாதாம். மூடுவதற்கு முன்னால் சுண்ணாம்பு மூட்டையைக் குழியில் கொட்டினார். பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். மண் போட்ட பிறகும் மேலே தூவினார். சுவருக்கு வெள்ளையடித்து, ஓரமாக ஜெரேனியம் தொட்டி வரிசை வைத்தார். மாசியில் சாம்பல் புதன் கழிந்ததும் கொடியின் பழைய கிளைகளை வெட்டிக் கவாத்துப் பண்ணி, கம்பியில் இழுத்துக் கட்டினார். நான் பார்க்கும்போது வெள்ளைச் சுவரில் பச்சைத் துளிர் விட்டிருந்தது. காலண்டர் படம் தோற்றது.

அந்தச் சமயம் பெங்களூரில் பேக்கரிச் சாமான் கண்காட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே ஒயின் கம்பெனிக்காரர் ஒருவரிடம் போன வருஷம் செல்போனில் எடுத்த, பிய்த்த பழத்தின் படத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சதையும் சிவந்த திராட்சை உலகத்தில் சில வகைகள்தான் உண்டாம். வெளிநாட்டில் வெளுத்த ஒயினுக்கு நிறம் ஏற்றுவதற்காகவே அதை வளர்ப்பார்களாம். இது எந்த வகை என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பழத்தோடு வாருங்கள், நம் பக்கம் பார்த்ததே இல்லை என்றார். அந்த வகைகளுக்கு அவர்கள் பாஷையில் சாயக்காரன் என்றே பெயராம்.

வந்து அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். "அய்யய்யோ, அந்தப் பேரை மட்டும் டீச்சர்ட்ட சொல்லிராதீங்க" என்று பதறினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பழம் பழுக்கிற சமயத்தில் ஃபாதரையும் டீச்சரையும் சபைப் பெண்களையும் அழைத்து, அவர்கள் கையாலேயே பறித்துப் பிழிந்து பார்க்கச் சொல்லவேண்டும் என்று முடிவு செய்தோம். யோசனை என்னுடையதுதான். அக்கா கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டு வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசத் தயங்குகிறவர், ஜூலை முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போகணும், கொஞ்சம் திராட்சை காச்சிருக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருக்கிறார். அழைத்தபோது பூ விட்டிருந்தது.

ஜூனில் நான் போனபோது இலைகள் மஞ்சளாகி ஓரம் கருகியிருந்தன. பூவில் பாதி கொட்டிவிட்டது. நின்ற பிஞ்சுகள் மிளகு அளவிலேயே கெட்டித்துப்போயின. தண்ணீர் ஊற்றினார்கள், சாணி கரைத்து ஊற்றினார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

"வர வேண்டாம்னு சொல்லிருவோம்க்கா."

"கூப்பிட்டுட்டு எப்பிடித் தம்பி வராதீங்கன்னு சொல்றது?" என்றார். அதற்குக்கூட அவருக்கு வெட்கம்.

அந்த ஞாயிறு நான் வேண்டுமென்றே லைனை மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். ஃபாதரும் டீச்சரும் ஏழெட்டுப் பெண்களும் வந்தார்கள். காப்பியும் பன்னும் கொடுத்தார். குடித்து முடித்ததும் டீச்சரே எழுந்து, "எங்கம்மா கொடி? வெரசாக் காட்டு, எனக்குச் சோலி கெடக்கு" என்றார். எல்லோரும் பின்னால் இறங்கிப் போனோம். வெள்ளைச் சுவர், ஜெரேனியம் தொட்டி, காய்ந்த இலை. டீச்சர் ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தார். பச்சை மிளகு மாதிரி இருந்த பிஞ்சுகள் கையோடு உதிர்ந்தன.

"பழம் எங்கம்மா?"

அக்கா தரையைப் பார்த்தபடி நின்றார்.

"இத்தனை வருசம் இதுலதான் ஒயின் போட்டியாக்கும்? நாங்க பாக்க வந்த வருசம் மட்டும் காக்கல. என்னம்மா இது?" டீச்சர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அங்கேயிருந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. இப்போது 'மன்னிச்சுக்கங்க' வரும் என்று காத்திருந்தேன்.

அக்கா நிமிர்ந்தார்.

"காச்சுச்சுங்க டீச்சர். போன வருசம் வரைக்கும் கொள்ளை கொள்ளையாக் காச்சுச்சு. இந்த எடத்துல எங்க கக்கூசு இருந்துச்சு. நீங்க நிக்கிற எடம் குழி. அந்தத் தண்ணியில வளந்த கொடி இது. அந்தப் பழத்துலதான் நான் ஒயின் போட்டேன், அதைத்தான் எல்லாரும் குடிச்சீக. சாயம் இல்ல. மாதா மேல ஆணையா ஒரு சொட்டுச் சாயம் இல்ல. இதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் இத்தனை வருசம் வாயை மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

 குரல் ஓர் இடத்திலும் நடுங்கவில்லை.

டீச்சர் தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். அப்புறம், "இதுக்கா?" என்றார். "ஏ கூறுகெட்டவளே, இதுக்கா? எங்க வீட்டு சௌசௌக் கொடி எங்கன கெடக்குன்னு நெனச்ச? குழி மேலதான். வாராவாரம் அதைத்தான் ஊருக்கே குடுக்குறேன்."

ஒரு பெண், "எங்க பட்டர் ஃப்ரூட் மரமும் அங்கனதான் டீச்சர்" என்றார். இன்னொருவர் பேஷன் ஃப்ரூட் என்றார். ஃபாதருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தான் குடியிருக்கும் சாமியார் பங்களாவின் முருங்கை எங்கே இருக்கிறது என்று சொல்லமாட்டேன் என்றார். எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் எனக்கும் மூச்சு வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"அப்பிடின்னா நான் கக்கூசை இடிச்சிருக்கவே வேண்டியதில்லையே டீச்சர்" என்றார்.

சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. எல்லோருக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர் சொல்லாததற்குக் காரணம் அவருடைய வெட்கம். ஆனால் சாயக்காரி என்று பெயர் வைத்து அண்டாவை மூடியது இவர்கள். அவ்வளவு நாளில் ஒருவராவது சரிவில் இறங்கி வந்து, "எதுலம்மா ஒயின் போடுற?" என்று அவரிடம் கேட்கவில்லை. என்னைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். நானும் முதலில் கேட்டது எந்தக் கம்பெனி கலர் என்றுதான். வெட்கமாக இருந்தது எனக்கு.

"வேர்ல உசுரு இருக்கும். மம்பட்டி எங்கம்மா?" என்றார் டீச்சர். யார் சொல்லியும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே தோண்ட ஆரம்பித்தார். நானும், அன்றைக்கு லோடு போகாமல் வீட்டிலிருந்த அண்ணனும் சேர்ந்துகொண்டோம். இடுப்பளவு போனதும் சுண்ணாம்பு கட்டி கட்டியாக வந்தது. அதற்குள் கிடந்த வேரை டீச்சர் கையில் எடுத்தார். கரிக்கட்டையாக இருந்தது, லேசாக அழுத்தியதும் நொறுங்கிவிட்டது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படித்தான்.

நாங்கள் மேலே ஏறி வந்துவிட்டோம். டீச்சர் மட்டும் குழிக்குள்ளேயே நின்றார். கையில் ஒட்டிய கரியைச் சேலையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அக்காவை நிமிர்ந்து பார்க்கவேண்டியிருக்குமே என்று அவர் ஏறி வராமல் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 

கடைசியில் அக்காதான் குனிந்து கை நீட்டினார்.

"மேல வாங்க டீச்சர். வழுக்கும், என் கையைப் பிடிச்சுக்கங்க."